பாவடித் தெரு பார்த்த நம்பர்

எங்க பாவடித் தெருவுல குருநாதன் வீட்டுக் கம்ப்யூட்டரோட சூடும் அவன் மக சஷ்டிகாவோட உடம்புச் சூடும் ஒண்ணாகிப் போனது தை மாசத்துல, பொங்கலுக்குக் கட்டின கரும்புத் தோகையெல்லாம் வாசல்ல காஞ்சு கெடந்த ஒரு செவ்வாக்கிழமை, காலையில பத்தரை மணி இருக்கும், நான் ரெண்டாம் நம்பர் தறியில அறுந்த இழைய முடிஞ்சுக்கிட்டு இருந்தேன், அதனால அது நடந்த நிமிஷத்த நான் பாக்கல, பாத்திருந்தாலும் பெருசா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, ஏன்னா அதுல பாக்கிறதுக்கு ஒரு நம்பரத் தவிர ஒண்ணுமே இல்ல.

என் பேரு ஆவுடைத்தங்கம். சுடலைமணி முதலாளியோட தறிக்கொட்டகையில, செட்டும்போம், நாலு விசைத்தறி ஓட்டுதேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு தெருவுல சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போறாங்க. குருநாதன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர், அந்தப் பக்கம் சஷ்டிகா தும்முனா இந்தப் பக்கம் நான் "நூறு"ன்னு சொல்லுவேன், அவ "எரநூறு அத்தை"ன்னு திருப்பிக் கத்துவா, அஞ்சு வயசு, முன்பல்லு ரெண்டும் விழுந்துருந்துச்சு.

குருநாதன் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணுறவன். முன்ரூம்ல பெரிய கம்ப்யூட்டர் வச்சிருந்தான். அதுக்குள்ள படம் செய்யிறதுக்குன்னே தனியா ஒரு கார்டு, கிராபிக்ஸ் கார்டும்பான், பொண்ணு மாப்பிள்ளைய மேகத்து மேல நடக்க விடுறதும், நம்ம ஊரு மண்டபத்துக்குப் பின்னாடி பனிமலை வைக்கிறதும், செத்துப்போன மாமனாரக் கொண்டாந்து ஆசீர்வாதம் பண்ண வைக்கிறதும் அந்தக் கார்டுதான். வேலை கூடுனா அது கொதிக்கும், ரொம்பக் கொதிச்சா கருகிரும், அதனால ஸ்கிரீன் மூலையில அதோட சூட்ட ஒரு பச்சை நம்பராத் தெரிய வச்சிருந்தான். எழுபதும் எழுபத்தஞ்சுமா ஓடிக்கிட்டிருந்த அந்த நம்பர் அன்னைக்கு முப்பத்தேழுல போயி நின்னுருச்சு, என்ன வேலை குடுத்தாலும் அசையல, பயலுக்கு ஒரே சந்தோசம், டீக்கடையில போயி "கார்டு ஐஸ் மாதிரி இருக்குண்ணே"ன்னு பீத்திட்டு வந்து, சாயங்காலம் பெரிய ரிசப்ஷன் வீடியோ ஒண்ணத் தூக்கிப் போட்டான். நம்பர் முப்பத்தெட்டாச்சு, முப்பத்தெட்டரை ஆச்சு. உள்ள வெளையாடிக்கிட்டிருந்த பிள்ள "அம்மா குளுருது"ன்னு சுருண்டு படுத்துட்டா.

அவன் வீடியோவ நிறுத்துனா பிள்ளைக்கு விட்டுருச்சு. திரும்ப ஓட்டுனா திரும்ப அடிச்சது. மூணாவது தடவை அவன் பொண்டாட்டி பொன்செல்வி, ஒரு கைய பிள்ள நெத்தியில வச்சுக்கிட்டு, எட்டி ஸ்கிரீனப் பாத்துட்டு, "ரெண்டும் ஒண்ணுதாங்க"ன்னா. பஸ் வந்துருச்சுன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னா. மறுநாள் ஜெசிந்தா நர்ஸ் வந்து பிள்ள அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தாங்க, தெர்மாமீட்டர்ல முப்பத்தேழு புள்ளி ரெண்டு, ஸ்கிரீன்லயும் முப்பத்தேழு புள்ளி ரெண்டு. "அப்ப இனிமே தெர்மாமீட்டர் கொண்டுவர வேண்டாம்"ன்னு சொல்லிட்டு, எங்களுக்கெல்லாம் நூறு நூத்தியொண்ணுன்னு சொன்னாத்தான் காய்ச்சல் புரியும்ங்கிறதால வாசல்ல நின்னு விளக்கம் சொன்னாங்க, முப்பத்தேழு நல்லது, முப்பத்தெட்டரைன்னா ஈரத்துணி, நாப்பதுன்னா ஓடியாங்க. திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு சிரப்பு எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. குருநாதன் அந்தக் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கிறத விட்டுட்டு பஜார்ல கூட்டாளி கடைக்குப் போயி எடிட்டிங் பண்ண ஆரம்பிச்சான். கம்ப்யூட்டர் சும்மா முன்ரூம்ல எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, முப்பத்தேழு, முப்பத்தாறு புள்ளி ஒம்பது, முப்பத்தேழுன்னு.

அத அணைச்சுப் போட்டா என்னன்னு யாருக்கும் தோணாம இல்ல. மாசி பொறந்து நாலாம் நாள் கரண்டே அதச் செஞ்சு காட்டிருச்சு. பட்டப்பகல் பதினோரு மணிக்குக் கரண்டு போச்சு, தெருவுல அம்பத்தாறு தறியும் ஒரே நேரத்துல வாயடைச்சுப் போச்சு, அந்த அமைதியில பொன்செல்வி போட்ட சத்தம் இன்னைக்கும் என் காதுல இருக்கு. நான் ஓடுனேன். பிள்ள தரையில கெடந்தா, உதடு ரெண்டும் நாவப்பழம் தின்ன மாதிரி நீலமா, தொட்டா மழையில நனைஞ்ச கல்லத் தொட்டாப்பல, மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியல, என் சேலையால சுத்துனேன், ரெண்டு உள்ளங்காலையும் தேய்ச்சேன், தெருவே வாசல்ல நின்னு கரண்டு ஆபீஸுக்குப் போனப் போட்டுக் கெஞ்சுது, ஒம்பது நிமிஷம் கழிச்சு கரண்டு வந்து, மெஷின் முனகி, மூலையில பச்சை நம்பர் எழும்பி, முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டுன்னு ஏற ஏற பிள்ள கண்ணு தொறந்தா. நான் அங்கனையே ஒக்காந்து அழுதுட்டேன். எனக்கு அதுக்கு முன்னாடி அப்படிப் பயம் வந்ததில்ல.

அன்னைக்கு இருந்து தெரு மாறிப்போச்சு. சுடலைமணி முதலாளி தன் செட்டுல இருந்த பெரிய இன்வெர்ட்டர் பேட்டரிய ரெண்டு ஆளு தூக்கக் கொண்டாந்து குருநாதன் வீட்டுல இறக்குனாரு, மத்த வீடுகள்ல இருந்து இன்னும் மூணு பேட்டரி வந்துச்சு, எல்லாத் தறியையும் ஒண்ணாப் போட்டா வோல்டேஜ் விழுந்துருமேன்னு செட்டு செட்டா முறை வச்சோம், வடக்குச் செட்டு ஓடி அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் தெக்குச் செட்டு, அப்புறந்தான் எங்க செட்டு, கிரைண்டர் போடுறவ பக்கத்து வீட்டுல மோட்டார் ஓடுதான்னு கேட்டுட்டுத்தான் போடணும், பொண்ணு பாக்க வந்தவங்ககூட தெருமுனையில கார நிறுத்திட்டு "இப்ப வரலாமா"ன்னு கேட்டுட்டு வந்தாங்க. சாப்டாச்சான்னு கேக்கிறதே போயிருச்சு, எதிர்ல பாத்தா "நம்பர் என்ன?" அதுதான். திருப்பூர்ல இருக்கிற என் மகன் போன் பண்ணி அம்மா எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டான், "நம்பர் என்னம்மா?"ம்பான், மூதி.

முதல்ல பொன்செல்வி மணிக்கு ஒருக்க வாசல்ல வந்து நம்பரச் சொன்னா. அது போதல. சொல்றதுக்கும் அடுத்துச் சொல்றதுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் கெடக்கே, அதுக்குள்ள ஏதாவது ஆயிருச்சுன்னா? அதனால சனம் உள்ள வந்து பாக்க ஆரம்பிச்சது, வேலைக்குப் போகும்போது ஒருக்க, வரும்போது ஒருக்க, நடுவுல தண்ணி குடிக்கிற சாக்குல ஒருக்க, முன்ரூம்ல எந்நேரமும் இருவது பேரு மூச்சு விட்டுக்கிட்டு நின்னா அந்தச் சின்ன ரூம் என்னத்துக்கு ஆகும்? ரூம் வெந்துச்சு, நம்பரும் ஒரு புள்ளி ரெண்டு புள்ளி ஏறுச்சு. அப்பத்தான் குருநாதன் ஒரு வழி செஞ்சான். அந்த ஸ்கிரீன அப்படியே எல்லாரோட போனுக்கும் நேரலையா அனுப்பி வச்சான். இனிமே யாரும் வீட்டுக்கு வர வேண்டாம், இருந்த எடத்துல இருந்தே பாத்துக்கலாம். நல்ல எண்ணத்துலதான் செஞ்சான், நாங்களும் நல்ல எண்ணத்துலதான் பாத்தோம், இத இப்பச் சொல்லித்தான் ஆகணும்.

போன்ல மேல பச்சை நம்பர், கீழ சின்ன எழுத்துல எத்தன பேர் பாக்கிறாங்கன்னு ஒரு கணக்கு. முதல் நாள் முப்பது பேரு. தறி ஓட்டுறவங்க போனத் தறிக்கட்டையில சாத்தி வச்சுக்கிட்டு ஓட்டுனோம், ஒரு கண்ணு பாவு நூல்ல, ஒரு கண்ணு நம்பர்ல. கட்டிக் குடுத்த பொண்ணுங்க புகுந்த வீட்டுல இருந்து பாத்தாங்க, தாராவியில இருக்கிற சொந்தக்காரங்க பாத்தாங்க, அவங்க சொல்லி அவங்க பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தாங்க, நூறாச்சு, எரநூறாச்சு, பங்குனி முடியிறதுக்குள்ள முந்நூத்தித் தொண்ணூறு. நம்பரும் முப்பத்தேழு போயி முப்பத்தேழரை ஆச்சு, முப்பத்தெட்டாச்சு, ஏற ஏற எங்களுக்குப் பயம் கூடுச்சு, பயம் கூடக்கூட அடிக்கடி பாத்தோம், பொழுதன்னைக்கும் பாத்தோம், சோத்துல கைய வச்சுக்கிட்டுப் பாத்தோம், கக்கூஸ்ல ஒக்காந்து பாத்தோம், பாக்கப் பாக்க அது ஏறிக்கிட்டே போச்சு.

வெயில்னு சொன்னோம். ரூமுக்கு ஏசி மாட்டுனாரு முதலாளி, எறங்கல. அப்புறம் கண்ணு பட்டுருச்சுன்னு முடிவு பண்ணுனோம். அத நான்தான் சொன்னேன். மிளகா வத்தலும் உப்பும் தெருமண்ணும் எடுத்து, பிள்ளைக்கு ஒருக்க, கம்ப்யூட்டருக்கு ஒருக்கன்னு சுத்தி அடுப்புல போட்டேன், மிளகா கமறவே இல்ல, பாத்தியா எம்புட்டுக் கண்ணுன்னு கூடி நின்னவங்க சொன்னாங்க, சொல்லிக்கிட்டே அத்தன பேரும் குனிஞ்சு போனப் பாத்தாங்க, நம்பர் எறங்குதான்னு. நானும்தான் பாத்தேன். எங்க மண்டையில அப்பக்கூட ஒண்ணும் ஏறல.

கத்திரி வெயில் தொடங்குன அன்னைக்கு நாப்பதத் தொட்டுச்சு. காலையில பத்து மணி. பிள்ளைக்குக் கண்ணு சொருகிருச்சு, ஈரத்துணி போட்டா போட்ட கையோட காயுது. ஜெசிந்தா நர்ஸ் ஊசி போட்டாங்க, ஒண்ணும் கேக்கல. குருநாதன் கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்து, ஒண்ணையும் தொடப் பயந்து ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, நம்பரையே பாத்துக்கிட்டிருந்தவன் திடீர்னு எந்திரிச்சான். ஸ்கிரீன் நம்பரையும் போன்ல பாக்கிறவங்க கணக்கையும் மாத்தி மாத்திப் பாத்தான். இருவது பேரு கூடுனா ஒரு புள்ளி ஏறுது, இருவது பேரு கொறைஞ்சா ஒரு புள்ளி எறங்குது.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா படத்தச் செஞ்சு அனுப்புதுக்கா அந்தக் கார்டு"ன்னு என்கிட்டச் சொன்னான். "நாம பாக்கிறதாலதான் அது கொதிக்கி. நாமதான் பிள்ளையப் போட்டு வேக வைக்கோம்."

"அப்ப அனுப்புறத நிறுத்தித் தொலையேண்டா!"

"அது சிக்கிக்கிட்டுக் கெடக்குக்கா, எந்தப் பட்டனுக்கும் அசையல, நிறுத்தணும்னா மெஷின ஒருக்க அணைச்சுத்தான் போடணும். அணைச்சா..."

நீல உதடு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருந்துச்சு.

அதனால பாக்கிறவங்கள நிறுத்துறதுதான் ஒரே வழி. குருநாதன் சைக்கிள எடுத்துக்கிட்டு செட்டு செட்டாப் போயிக் கத்துனான், பாக்காதீங்க, யாரும் பாக்காதீங்க, போன அணைச்சுப் போடுங்கன்னு. அணைச்சாங்க. முந்நூத்தி தொண்ணூறு எரநூறாச்சு, நாப்பதுல இருந்து முப்பத்தொம்பதுக்கு வந்துச்சு, தெருவே கும்பிட்டுச்சு. பத்து நிமிஷந்தான். எறங்கிருச்சா இல்லையான்னு தெரியாம எத்தன நேரம் இருக்க முடியும்? நான் ஒருத்தி பாத்தா என்ன ஆகப்போகுதுன்னு ஒவ்வொருத்தியும் மறுபடி தொறந்தா. எரநூறு நானூத்தி நாப்பதாச்சு. பழைய கணக்குக்கு மேல அம்பது ஆளச் சேத்துக்கிட்டு வந்துருச்சு, நாப்பது புள்ளி நாலு.

சுடலைமணி முதலாளி தறியெல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டு, ஊடை நூல் சுத்துற தார்க்குச்சி போடுற பெரிய மரப்பெட்டியத் தூக்கித் தெரு நடுவுல வச்சாரு. "எல்லாப் போனும் இதுக்குள்ள வரணும், அணைச்சு வரணும், ஒளிச்சு வச்சான்னா அவன் நாளைக்கு என் செட்டுப் படி மிதிக்கக் கூடாது"ன்னாரு. முதல் போன் குருநாதனோடது. ரெண்டாவது முதலாளியோடது. வெயில்ல வரிசையா நின்னு, சாமிக்குக் காணிக்கை போடுற மாதிரி ஒவ்வொருத்தரும் போட்டாங்க, தாராவிக்கும் திருப்பூருக்கும் புகுந்த வீடுகளுக்கும் லேண்ட்லைன்ல இருந்து போன் போயி, காலப் பிடிச்சுக் கேக்கிறோம், மூடுங்கன்னு கெஞ்சுனோம். பொன்செல்வி பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வீடு வீடா ஏறி எறங்குனா. "பாருங்க, எம்பிள்ளையப் பாருங்க, போனப் பாக்காதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே போனா. எத்தன பேரு மிச்சம்னு அவ பாத்துச் சொல்லச் சொல்ல தெருவே மூச்சப் பிடிச்சுக்கிட்டு கேட்டுச்சு. நூத்திப் பத்து. நாப்பது. பதினேழு. அஞ்சு. ரெண்டு.

ரெண்டுல நின்னுருச்சு. நம்பரு எறங்கலங்க. ஆளு கொறையக் கொறைய எறங்க வேண்டியது ஏறுச்சு. அந்தக் கடைசி ரெண்டு பேரும் எப்படிப் பாத்துருக்கணும்னு யோசிச்சுக்கோங்க, நானூறு பேரோட பயமும் அந்த ரெண்டு பேரு கண்ணுல வந்து நின்னுருந்துச்சு. நாப்பத்தொண்ணு.

அந்த ரெண்டு பேருல ஒருத்தி நான். மறைச்சு என்ன ஆகப் போகுது, சொல்லிருதேன். பெட்டியில நான் போட்டது என் மகன் விட்டுட்டுப் போன பழைய செத்த போனு. என்னோடது அரிசி டிரம்முக்குள்ள, அரிசிக்கு மேல, எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, நான் டிரம்முக்குள்ள தலைய விட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பிள்ள மேல உசுரு எனக்கு. பாக்காம இருந்தா போயிருவாளோன்னு இருந்துச்சு. ஊர்ல யாரும் பாக்காட்டியும் நான் ஒருத்தியாவது பாக்கணும்னு இருந்துச்சு, பாக்கிறதுதான் அவளப் பிடிச்சு வச்சிருக்கிறதா நெனச்சேன்.

பொன்செல்வி உள்ள வந்தா. நான் படக்குன்னு மூடியப் போட்டேன்.

"அக்கா, ரெண்டுன்னு காட்டுது. நீங்க இல்லல்ல?"

"நானா? நான் எப்பவோ பெட்டியில போட்டாச்சே"ன்னேன். வாய் கூசாமச் சொன்னேன். அவ திரும்பும்போது தோள்ல இருந்து தொங்குன பிள்ள கை என் கழுத்துல பட்டுச்சு. தோசைக்கல்லுல பட்ட மாதிரி இருந்துச்சு. அப்பவும் அந்த விரலு என்னய அடையாளம் கண்டு கழுத்துச் சங்கிலியப் பிடிச்சுச்சு, எப்பவும் பிடிக்கிற மாதிரி. டிரம்மத் தொறந்து, போன எடுத்து, அவ முன்னாலயே அணைச்சேன். என் கையி அணைக்கிற பட்டனத் தேடுறதுக்குள்ள அவ என்னயப் பாத்த பார்வைய நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"ஒண்ணு"ன்னா பொன்செல்வி. திட்டக்கூட நேரமில்ல அவளுக்கு. "இன்னும் ஒருத்தி பாத்துக்கிட்டு இருக்காக்கா. நாப்பத்தொண்ணு புள்ளி நாலு. எந்த நாசமாப் போறவக்கா அது? எல்லாப் போனும் பெட்டியில கெடக்கு. மும்பைக்காரங்க சத்தியம் பண்ணிட்டாங்க. யாருக்கா அது, எம்பிள்ளையக் கொல்லுறது? அவ கண்ணு அவிஞ்சு போக, அவ வீடு வெளங்காமப் போக..."

மண்ண வாரித் தூத்துறாப்பல சாபம் விட்டா, விடுறப்போ இடது கையில இருந்த போனையே பாத்துக்கிட்டிருந்தா, அந்த வெளிச்சம் அவ கன்னத்துல பச்சையா அடிச்சது. எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. வாய் நீளக்காரி நான், என் வாயில இருந்து அத வர வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"ஏட்டி செல்வி. அந்த ஒண்ணு எதுல தெரியுது ஒனக்கு?"

அவ போனத் தூக்கிக் காட்டுனா. காட்டுன கை அப்படியே நின்னுபோச்சு.

சுவத்துக் கடிகாரம் ஓடுற சத்தம் கேட்டுச்சு. தறி ஒண்ணும் ஓடலியே.

"நான் பாக்காட்டி யாருக்கா பாப்பா?"ன்னு கேட்டா. அழல. சின்னப் பிள்ள சந்தேகம் கேக்கிற மாதிரி கேட்டா. "எறங்குதா ஏறுதான்னு எப்படிக்கா தெரியும்? இதுல தெரியாம அவளுக்கு ஏதாவது... நான் பாக்காத நேரத்துல..."

அந்தப் போன அவ கையில இருந்து பிடுங்கியிருப்பேன், பிடுங்க எனக்குத் தைரியமில்ல, ஏதாவது ஆயிருச்சுன்னா அந்தப் பாவம் என்னயத்தான் சேரும்னு பயந்தேன், அதுதான் நெசம். நாப்பத்தொண்ணு புள்ளி ஆறுன்னு அவ வாய் அசைஞ்சது. ஏழு. அவ கண்ணு நம்பர விட்டுப் பிள்ள மொகத்துக்குப் போச்சு, திரும்ப நம்பருக்கு வந்துச்சு, திரும்பப் போச்சு. எட்டு. அப்புறம் அவளே பட்டன அமுக்கிப் பிடிச்சா. ஒரு போன் அணையுறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்னு அன்னைக்குத்தான் நான் பாத்தேன். அணைஞ்சதும் என் டிரம்முக்குள்ள, அரிசிக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டு, அடியில புதைச்சா.

அவ்வளவுதான். உலகத்துல அந்த நம்பரப் பாக்க ஒரு ஆளு இல்ல. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத ரூம்ல மெஷின் ஓடுது, மூலையில ஏதோ ஒரு நம்பர் எரியுது, அது நாப்பத்திரெண்டா, முப்பத்தேழா, இல்ல ஒண்ணுமே இல்லையா, எங்களுக்குத் தெரியாது. வாசல்ல தெருவே வந்து நிக்குது, முதலாளி நிக்காரு, குருநாதன் சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நிக்கான், நர்ஸு நிக்காங்க, ஒருத்தரும் உள்ள வரல, நம்பர் என்னன்னு கேக்க ஒருத்தருக்கும் வாய் வரல. நாங்க தரையில ஒக்காந்தோம். பிள்ளைய மடியில போட்டு அவ நெத்தியில கைய வச்சா.

"எறங்குதாக்கா? நீங்க வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

வச்சேன். காலையில இருந்து வெயில்ல நின்ன கை, அரிசிக்குள்ள பொய்ய ஒளிச்ச கை, அதுவே கொதிச்சுக்கிட்டு இருக்கு. அது பிள்ள சூடா, என் சூடா, பயத்துல வந்த சூடா? கைய எடுத்து சேலையில தொடச்சுட்டுத் திரும்ப வச்சேன்.

"தெரியலடி"ன்னேன்.

பிள்ள மூச்சு விட்டா. நாங்க ரெண்டு பேரும் எங்க மூச்ச நிறுத்திக்கிட்டு அத எண்ணுனோம். அடுத்தது வர நேரமாச்சு. வந்துச்சு. பொன்செல்வியோட கை தன்னால இடுப்புக்குப் போயி போனத் தேடுச்சு, அங்க ஒண்ணும் இல்ல, கொஞ்ச நேரம் என்ன செய்யன்னு தெரியாம அந்தரத்துல நின்னுட்டு, மறுபடியும் பிள்ள நெத்திக்கே வந்துச்சு.